வில்லில் இருந்து பேட்டரி வரை: ஒரு ஓட்டையின் வரலாறு

வீட்டுக்கு வயர் இல்லாத டிரில்லிங் மெஷின் ஒன்று வாங்க வேண்டும். அதற்கு எதற்கய்யா வரலாறு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். கடையில் கேட்டால் 12 வோல்ட், 18 வோல்ட், 20 வோல்ட் என்று வரிசையாக எடுத்து வைப்பார்கள். பெரிய எண் பெரிய மெஷின் என்று நாமும் தலையாட்டிவிட்டுப் பணத்தைக் கட்டுவோம். அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்துகொண்டால் அவற்றில் எது நிஜம், எது வெறும் ஸ்டிக்கர் என்று நாமே கண்டுபிடித்துவிடலாம். நான் பி.காம். மாணவன். மோட்டாரை விட பில் மேல்தான் எனக்கு அக்கறை!

ஓட்டை போடுவது மனிதனுடைய மிகப் பழைய வேலைகளில் ஒன்று. பலுசிஸ்தானில் உள்ள மெஹர்கரில் 7500 முதல் 9000 வருடம் பழமையான கல்லறைகளில் துளையிட்ட பற்கள் கிடைத்தன. ஒன்பது பேருடைய 11 பற்கள்! 2006ல் நேச்சர் இதழில் இந்த ஆய்வு வெளிவந்தது. ஆள் உயிரோடு இருந்தபோதே, கூரான கல் முனையை வைத்துத் துளைத்திருக்கிறார்கள். பாசிமணிக்குத் துளை போட்டுப் பழகிய கைகள்தான் இதையும் செய்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

நம்ம ஊர்ப் பக்கம் வருவோம். ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையில் இருக்கிறது கொடுமணல். பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் இதுதான் என்கிறார்கள். 1980களில் தொடங்கிய அகழாய்வுகளில் பளிங்கு, சூதுபவளம், நீலக்கல், பச்சைக்கல் என்று விதவிதமான மணிகள் கிடைத்தன. அவற்றில் துளை போட்டதும் உண்டு, துளை போடாமல் பாதியில் நின்றுபோனதும் உண்டு. அதாவது வெளியில் இருந்து வாங்கி வந்த சரக்கு இல்லை, அங்கேயே பட்டறை இருந்திருக்கிறது. கரண்டும் இல்லை, வயரும் இல்லை. கையும் பொறுமையும்தான்.

நம் ஆசாரிகள் கையில் இருந்த துரப்பணமும் அந்தப் பரம்பரைதான். ஒரு தண்டு, அதன் நுனியில் இரும்பு முனை. வில்லின் கயிற்றைத் தண்டில் ஒரு சுற்று சுற்றி, ஒரு கையால் மேலே அமுக்கிக்கொண்டு மறு கையால் வில்லை முன்னும் பின்னும் இழுத்தால் தண்டு சுழலும், மரத்தில் துளை விழும். யோசித்துப் பாருங்கள், இதுவும் வயர் இல்லாத டிரில்தானே? எந்தத் தோப்புக்கும் எந்தக் கூரைக்கும் எடுத்துப் போகலாம். கயிறு அறுந்தால் வேறு கயிறு கட்டிக்கொள்ளலாம். சக்தி ஆசாரியின் தோளில் இருந்தது.

மோட்டார் வந்ததும்தான் வயர் வந்தது. 1889ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ஆர்தர் ஆர்னாட், வில்லியம் பிரெயின் என்ற இருவர் மின்சாரத் துளைக்கருவிக்குக் காப்புரிமை பெற்றார்கள். 1895ல் ஜெர்மனியின் ஃபைன் கம்பெனி கையில் பிடித்து வேலை செய்யும் மாதிரியைக் கொண்டுவந்தது. இன்று நாம் பார்க்கும் துப்பாக்கி வடிவமும் விரலால் அமுக்கும் ஸ்விட்சும் அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் கம்பெனி 1917ல் காப்புரிமை பெற்றவை. வேகம் வந்தது, தோள்வலி போனது. ஆனால் பிளக் பாயிண்ட் இருக்கும் இடத்தில்தான் வேலை என்று ஆகிவிட்டது.

அந்த வயரை அறுக்க 1961 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே பிளாக் அண்ட் டெக்கர்தான் நிக்கல் காட்மியம் பேட்டரி போட்ட டிரில்லை விற்பனைக்குக் கொண்டுவந்தது. "வயர் இல்லாத டிரில்லைக் கண்டுபிடித்தது நாசா" என்று ஒரு கதை உலாவுகிறது, நம்பாதீர்கள். நாசாவின் நிலவு டிரில் அதற்குப் பிறகுதான் வந்தது. 1971ல் அப்போலோ 15ல் போன டேவிட் ஸ்காட் நிலவில் 3 மீட்டர் ஆழத்துக்குத் துளை போட வேண்டும். பாதியைக் கொஞ்சம் தாண்டியதும் நின்றுவிட்டது. மெஷினில் சக்தி இருந்தது. ஆனால் துளைக்குள் இருந்த மண் மேலே வர வழி இல்லாமல் தண்டை இறுக்கிவிட்டது. தண்டின் வடிவத்தை மாற்றிய பிறகு அப்போலோ 16ல் பிரச்னை தீர்ந்தது. நம் வீட்டுச் சுவருக்கும் அதே பாடம்தான். பிட்டை அவ்வப்போது வெளியே இழுத்துத் தூசியைத் தள்ளாமல் அமுக்கிக்கொண்டே போனால் எவ்வளவு பெரிய மெஷினாக இருந்தாலும் திணறும்.

1961 டிரில்லின் பலவீனம் மோட்டார் அல்ல, பேட்டரி. அதன் பிறகு நடந்த வரலாறு முழுக்க பேட்டரியின் வரலாறுதான். 1978ல் ஜப்பானின் மகிடா தன் நிக்கல் காட்மியம் டிரில்லைக் கொண்டுவந்தது. அந்த வகை பேட்டரிக்கு எடை அதிகம், சும்மா வைத்திருந்தாலே சார்ஜ் இறங்கிவிடும். 1991ல் சோனி லித்தியம் அயான் பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2005 வாக்கில் அது டிரில்லுக்குள்ளும் நுழைந்தது. இன்று கடையில் இருப்பவை பெரும்பாலும் அதுதான்.

தமிழ்நாட்டில் இதன் அருமை தெரிந்த காலம் ஒன்று உண்டு. 2012ல் சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இல்லாத ஊர்கள் எத்தனையோ. வத்தலக்குண்டில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அன்று மரவேலைப் பட்டறையில் வயர் வைத்த மெஷின் கிடந்தால் கிடந்ததுதான். கூலியும் கிடந்ததுதான்.

சரி, இப்போது கடைக்குப் போவோம்.

முதலில் வோல்ட். லித்தியம் செல் ஒன்று 3.6 வோல்ட். முழுசாக சார்ஜ் ஏறியதும் சுமார் 4 வோல்ட் காட்டும். மூன்று செல் போட்டால் 10.8, அதைத்தான் 12 என்று எழுதுகிறார்கள். ஐந்து செல் போட்டால் 18. அதையே "20 வோல்ட் மேக்ஸ்" என்றும் எழுதுகிறார்கள். ஆக 18ம் 20ம் ஒன்றுதான். அந்த இரண்டு வோல்ட்டுக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

அடுத்து ஆம்பியர் ஹவர். வோல்ட்டால் பெருக்கினால் உண்மையான கையிருப்பு தெரியும். 18 வோல்ட், 2 ஆம்பியர் ஹவர் என்றால் 36 வாட் ஹவர். 600 வாட் வயர் மெஷின் முழு வேகத்தில் ஓடினால் இவ்வளவு மின்சாரத்தை நாலு நிமிடத்துக்குள் குடித்துவிடும். அதனால் விட்டு விட்டுச் செய்யும் வேலைக்குத்தான் பேட்டரி. நாள் முழுக்க ஓட்ட வயர்தான் லாபம்.

கீல் மாட்டுவது, அலமாரி செய்வது, பிளைவுட்டில் ஸ்க்ரூ ஏற்றுவது என்றால் 12 வோல்ட் தாராளம், கையும் வலிக்காது. செங்கல் சுவரில் படம் மாட்ட, ஷெல்ஃப் அடிக்க என்றால் ஹேமர் வசதி உள்ள 18 வோல்ட். கான்கிரீட் பீமில் அடிக்கடி துளை வேண்டுமா? அது தனி மெஷினின் வேலை. வருடத்தில் இரண்டு முறைதான் என்றால் எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிடுவதே சிக்கனம்.

கடைசியாக, காமர்ஸ் மாணவனின் எச்சரிக்கை. ஒரு கம்பெனி பேட்டரி இன்னொரு கம்பெனி மெஷினில் பெரும்பாலும் பொருந்தாது. முதல் டிரில்லை மலிவாகக் கொடுத்துவிட்டு அடுத்தடுத்த மெஷின்களையும் பேட்டரிகளையும் நம் தலையில் கட்டுவது தெரிந்த வியாபாரம்தான். மோட்டார் பத்து வருடம் ஓடும், பேட்டரி அதற்கு முன்பே போய்விடும். அதனால் கடையில் முதல் கேள்வி "டிரில் என்ன விலை?" என்று இருக்கக் கூடாது. "இந்தப் பேட்டரி தனியாகக் கிடைக்குமா, என்ன விலை?" என்று கேளுங்கள். பதில் திண்டுக்கல்லிலோ மதுரையிலோ கிடைக்கவில்லை என்றால் அந்த மெஷினை அப்படியே திருப்பி வைத்துவிடுங்கள். வாங்கிய பிறகும் பேட்டரியைத் தகரக் கூரைக்கு அடியில் போட்டுவைக்காதீர்கள். வெயில்தான் அதற்கு முதல் எதிரி.

ஆசாரியின் வில்லுக்குக் கயிறு எந்தக் கடையிலும் கிடைத்தது. நம் டிரில்லுக்கும் அந்தக் "கயிறு" கிடைக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள் நண்பர்களே!