நாலு பைட்டை ரெண்டு பைட்டாக்கிய கதை

போன எபிசோடுக்கு அப்புறம் ஒரே கேள்வி: "ஓ-டூ தெரியும் ப்ரோ, கம்பைலர்ல ஓ-எஸ் எதுக்கு?" எஸ் என்றால் சைஸ். வேகத்தைவிட ப்ரோக்ராம் சின்னதா இருப்பதுதான் முக்கியம்னு கம்பைலரிடம் சொல்லும் செட்டிங். அந்தக் கவலையோட பழைய கதை ஒன்னு எங்க ஊர்ப்பக்கம் வரைக்கும் வருது.

90-களின் தொடக்கம். ஜிஎஸ்எம் போனுக்கு ஆர்ம் பிராசஸரைப் போடச் சொல்லி நோக்கியாவுக்கு யோசனை சொன்னது டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ். நோக்கியா தயங்கியது. பிரச்சினை வேகம் இல்ல, மெமரி. ஆர்மில் ஒவ்வொரு கட்டளையும் 32 பிட், அதாவது 4 பைட். ப்ரோக்ராம் பெருத்தால் மெமரி கூடும், போன் விலையும் ஏறும்.

ஆர்ம் என்ன பண்ணுச்சு? அடிக்கடி தேவைப்படும் கட்டளைகளை 16 பிட்டுக்குள் அடக்கி, 'தம்ப்' என்று பேர் வச்சது. கைக்குக் கட்டைவிரல், நல்ல குசும்புதான். ஆனா சைஸ் சரிபாதி ஆகல. பெரும்பாலான தம்ப் கட்டளைகள் எட்டு ரெஜிஸ்டரை மட்டுமே தொடும். அதனால் அதே வேலைக்குக் கூடுதல் கட்டளைகள் வேணும். ஆர்ம் சொன்ன கணக்கு, பழைய சைஸில் சுமார் 65 சதவீதம். எனக்குப் பிடிச்ச இடம் அடுத்ததுதான். விலை குறைந்த 16 பிட் மெமரியில் ஒரு ஆர்ம் கட்டளையை எடுக்க ரெண்டு நடை போகணும், தம்புக்கு ஒரே நடை. அங்கே சின்ன கோடுதான் வேகமாவும் ஓடுச்சு! ஆர்மோட கம்பைலரில் 'ஓ-ஸ்பேஸ்', 'ஓ-டைம்' என்று தனித்தனி செட்டிங்கே இருந்தது.

1998-ல் கடைக்கு வந்த நோக்கியா 6110-க்குள் இருந்தது அந்த ஆர்ம்7 டிடிஎம்ஐ. பேரில் வரும் முதல் டி, தம்ப்தான். நம்ம பாம்பு கேம் முதலில் வந்த போனும் அதுவே.

2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை வந்தது. எனக்கு ஊர் தென்னேரி. எதிர்வீட்டு அக்கா அங்கே வேலைக்குச் சேர்ந்தப்போ தெருவே பெருமைப்பட்டது. 2014 நவம்பர் 1-ல் ஆலை மூடப்பட்டது.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். "தம்பி, உன் ஆப்பு ஏற மாட்டேங்குது, இடம் இல்லைங்குது" என்று அக்கா போனை நீட்டினாங்க. போன் செஞ்ச கை அது. திரும்பி வந்து பார்த்தா, டிபக் சிம்பல்கள்கூட நீக்காம அனுப்பியிருக்கேன். நீக்கினேன். ஓ-எஸ் போட்டேன். யாரும் கூப்பிடாத ஃபங்ஷன்களை லிங்க்கரை விட்டு வெட்டினேன். இப்போ ஏறிடுச்சு. ஆனா அதுக்கும் அக்கா ஒரு கல்யாண வீடியோவை அழிக்க வேண்டியிருந்தது.