பிடித்த பிரேக் விடாத கதை

மோட்டார் சைக்கிளின் பின் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டால் பழியெல்லாம் வண்டிக்காரர் மேல்தான் விழும்: கிரீஸ் வைக்கவில்லை, மழையில் நிறுத்தினார், லைனர் தேய்ந்ததைக் கவனிக்கவில்லை. அதில் உண்மை உண்டு, ஆனால் பாதிதான். நூறாண்டுகளாக இந்தப் பிரேக் மாறிவந்த விதத்தைப் பார்த்தால், பிடிப்பதற்குத் தந்த கவனத்தை விடுவதற்கு எந்தக் காலத்திலும் தரவில்லை என்பது தெரியும். மிதிக்க ஓட்டுபவரின் காலும் உடல் எடையும் இருக்கின்றன. விடுவிக்க ஒரு ஸ்பிரிங்தான் இருந்தது. பின்னாளில் வந்த டிஸ்க் பிரேக்கில் அதுவும் இல்லாமல் போனது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பின்சக்கரத்தைச் சுழற்றியது பெல்ட். பெல்ட் ஓடும் வளையத்தின் பள்ளத்திலேயே ஆப்பு வடிவக் கட்டையை அழுத்தி வண்டியை நிறுத்தினார்கள். சேறும் தண்ணீரும் நேராகப் படும் இடம் அது. நனைந்தால் பிடிப்பு போய்விடும். 1902-இல் லூயி ரெனோ காருக்காக உருவாக்கிய டிரம் பிரேக் அந்தக் குறைக்குத் தீர்வானது; மோட்டார் சைக்கிளும் பிறகு அதை எடுத்துக்கொண்டது. மூடிய டிரம்முக்குள் இரண்டு ஷூ, அவற்றின் முனைகளுக்கு இடையில் ஒரு கேம். பெடலை மிதித்தால் ராடு கேமைத் திருப்பும், கேம் ஷூக்களை விரிக்கும். சுழலும் டிரம் ஒரு ஷூவைத் தன்னோடு இழுத்து இன்னும் இறுக்கும். குறைந்த மிதிக்கு நிறையப் பிடிப்பு என்ற லாபம் இதில்தான் வந்தது. ஆனால் ஷூ மேலுள்ள லைனர் தேயத் தேய கேம் கூடுதலாகத் திரும்ப வேண்டியிருக்கும். ஒரு கட்டத்தில் அது ஷூ முனைகளுக்குக் குறுக்கே நிமிர்ந்து நின்றுவிடும். பிறகு ஸ்பிரிங்கால் அதைத் திருப்ப முடியாது. கேம் தண்டில் துரு ஏறியிருந்தால் அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டியதில்லை. பல வண்டிகளில் பிரேக் தட்டுக்கு வெளியே தேய்மான அம்புக்குறி வைத்தது இந்த ஆபத்தை அறிந்துதான்.

இன்னொரு சிக்கல் செயினால் வந்தது. 1955-இல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் புல்லட்டை எடுத்துக்கொள்வோம். செயின் தளர்ந்தால் சக்கரத்தைப் பின்னுக்குத் தள்ளி இறுக்க வேண்டும். சக்கரம் பின்னே போனால் பிரேக் ராடும் இழுபடும், மிதிக்காமலேயே ஷூ உரசும். செயினை இறுக்கிய கையோடு ராடின் நட்டைத் தளர்த்தாவிட்டால் டிரம் கொதிக்கும். மெக்கானிக் மறந்தது தவறுதான். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடும்படி இரண்டையும் பிணைத்தது வடிவமைப்பு. ஆனாலும் அந்த நட் கண்ணெதிரே இருந்தது, சாலையோரத்திலேயே திருப்பிவிடலாம்.

டிஸ்க் வந்ததும் நிலைமை மாறியது. 1969-இல் ஹோண்டா சிபி750 முன்சக்கரத்துக்கு டிஸ்க் கொடுத்தது, பின்னால் டிரம்மையே வைத்தது. 1975-இன் கோல்ட் விங்கில் பின்னாலும் டிஸ்க் வந்தது. இந்தியாவில் 2007-இல் பல்சர் 220, அடுத்த ஆண்டு யமஹா ஆர்15 என்று அது பரவியது. இதில் டிஸ்க்கின் மேல் பேடை அழுத்தும் பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பது ஒரு ரப்பர் சீல் மட்டுமே: மிதிக்கும்போது முறுக்கிக்கொண்டு, விட்டதும் நிமிர்கிறது. தூசியோ துருவோ அந்த இம்மி அசைவைத் தடுத்துவிடும். பெடல் இயக்கும் மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் திரும்பும் துளையும் ஊசிமுனை அளவுதான். பெடலில் சிறு தளர்வும் இல்லாமல் இறுக்கி வைத்தால் அந்தத் துளை மூடியே கிடக்கும். சூடேறி விரியும் ஆயிலுக்குப் போக இடமில்லாமல் பிரேக் தானாக இறுகும். வண்டி ஆறியதும் விட்டுவிடும், கோளாறு எங்கே என்று தெரியாது.

டிஸ்க்தானே பாதுகாப்பு என்பார்கள். மறுப்பதற்கில்லை. நனைந்தாலும் வேகமாக உலர்கிறது, சூட்டையும் தாங்குகிறது. சரியாகப் பராமரித்தால் எதுவும் ஒட்டாது என்ற வாதத்திலும் நியாயம் உண்டு. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லும் கையேடுகள் வீணாகச் சொல்லவில்லை. ஆனால் பராமரிக்க முதலில் குறை கண்ணில் பட வேண்டும். டிரம்முக்கு அம்புக்குறி வைத்தவர்கள், பிஸ்டன் திரும்பாததைக் காட்ட எதையும் வைக்கவில்லை. சென்டர் ஸ்டாண்டு போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றினாலே உரசல் தெரிந்துவிடும். டிஸ்க் பொருத்திய ஸ்போர்ட்ஸ் வண்டிகள் பலவற்றில் அந்த ஸ்டாண்டே கிடையாது. மைலேஜ் குறைந்து, பேட் கருகும் வாடை வந்த பிறகுதான் வண்டிக்காரர் கீழே குனிந்து பார்க்கிறார்.