மறுபடியும் கேட்ட ஐவர்

நம் பங்குகளின் திருமுழுக்குப் பதிவேடுகளைப் புரட்டினால் மரியா, எலிசபெத்து, எஸ்தர், ரூத்து என்னும் பெயர்கள் பக்கத்துக்குப் பக்கம் வரும். மக்லா, நோகா, ஓக்லா, மில்கா, திர்சா என்று பெண் மகவுக்குப் பெயரிட்டவரைக் காண்பது அரிது. இந்த ஐவரும் உடன்பிறந்தவர்கள். மனாசே குலத்துச் செலொபுகாதின் புதல்வியர். ஞாயிறு வாசகங்களில் இவர்களது வரலாறு இடம்பெறுவதில்லை. ஆயினும், பெண்கள் பலர் பெயரின்றியே வந்துபோகும் பழைய ஏற்பாட்டில், இந்த ஐவரின் பெயர்கள் மட்டும் நான்கு இடங்களில் முழுமையாக எழுதப்பட்டுள்ளன. எண்ணிக்கை நூலில் மூன்று முறை. யோசுவா நூலில் ஒரு முறை. இறைவனின் ஏட்டில் காரணமின்றி ஒரு பெயர் நான்கு முறை எழுதப்படுமா?

இஸ்ரயேல் மக்கள் யோர்தானுக்குக் கிழக்கே மோவாபுச் சமவெளியில் பாளையம் இறங்கியிருந்த காலம் அது. பாலைநிலத்தில் ஒரு தலைமுறை மடிந்து, மறு தலைமுறை தலையெடுத்திருந்தது. மக்கள்தொகைக் கணக்கு இரண்டாம் முறை எடுக்கப்பட்டது. அந்தக் கணக்கில் ஏறிய ஆண்களின் எண்ணிக்கைப்படியே நாடு பங்கிடப்படவிருந்தது. செலொபுகாது இறந்துவிட்டார், அவருக்கு ஆண்மக்கள் இல்லை. எனவே கணக்கிலும் அவர் குடும்பம் இல்லை, பங்கிலும் இல்லை. இதில் எவரும் அவர்களுக்கு வேண்டுமென்றே தீங்கு இழைக்கவில்லை. சட்டம் அவர்களை நினைக்கவே இல்லை; அவ்வளவுதான்.

அந்த ஐவரும் சந்திப்புக் கூடாரத்தின் வாயிலுக்கு வந்து நின்றார்கள். மோசேயும், குரு எலயாசரும், தலைவர்களும், மக்கள் கூட்டம் முழுவதும் அங்கே கூடியிருக்க, அனைவர் முன்னிலையிலும் பேசினார்கள். தங்கள் தந்தை பாலைநிலத்தில் இறந்தார். கோராகின் கலகக் கூட்டத்தில் அவர் சேர்ந்ததில்லை. மகன் இல்லாத காரணத்தால் அவர் பெயர் ஏன் அற்றுப்போக வேண்டும். தந்தையின் உடன்பிறந்தாருக்கு நடுவே எங்களுக்கும் நிலம் தாருங்கள் என்பது அவர்கள் முறையீட்டின் சாரம்.

இவற்றுள் இரண்டாவதைச் சற்று நின்று எண்ணிப் பார்ப்போம். நிலம் கேட்க வந்தவர்கள், தாங்கள் கலகக்காரர் வீட்டுப் பிள்ளைகள் அல்லர் என்பதை முதலில் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. உரிமை கேட்பவரைக் கலகக்காரர் என ஐயுறுவது அன்று தொட்டு இன்று வரை மாறாத வழக்கம்போலும்!

மோசே என்ன செய்தார்? சட்டத்தில் இடமில்லை என்று கூறி அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. வழக்கை ஆண்டவர் திருமுன் கொண்டுசென்றார். அப்பெண்கள் சொல்வது சரியே என்று ஆண்டவர் தீர்ப்பளித்தார். அதோடு நில்லாமல், மகனின்றி இறப்போரின் உரிமைச்சொத்து மகளைச் சேர வேண்டும் என்பதைப் பொதுச்சட்டமாகவே ஆக்கினார். ஐந்து பெண்களின் வாய்ச்சொல், ஓர் இனத்தின் சட்டத்தையே திருத்தியது.

வரலாறு இதோடு முடியவில்லை. 36ஆம் அதிகாரத்தில் மனாசே குலத்துக் கிலயாது வழித் தலைவர்கள் மோசேயிடம் வருகின்றனர். இப்பெண்கள் வேறு குலத்தில் மணமுடித்தால் நிலம் குலத்தை விட்டுப் போய்விடுமே என்பது அவர்களது கவலை. ஆகவே, தந்தையின் குலத்துக்குள்ளேயே மணம்புரிய வேண்டும் என்ற நிபந்தனை சேர்ந்தது. ஐவரும் அதற்கு இசைந்தனர்.

பிறகு மோசே இறந்தார். மக்கள் யோர்தானைக் கடந்தனர். யோசுவாவின் காலத்தில் நாடு பங்கிடப்பட்டபோது, அந்த ஐவரும் குரு எலயாசர், யோசுவா, தலைவர்கள் ஆகியோர்முன் மீண்டும் வருகின்றனர். எங்களுக்கு நிலம் தருமாறு ஆண்டவர் மோசேக்குக் கட்டளையிட்டாரே என்று நினைவூட்டுகின்றனர். முதன்முறை அவர்கள் பேசியதைக் கேட்டிருந்த அதே எலயாசர்தாம் இம்முறையும் அங்கிருக்கிறார். அவர் மறந்துவிட்டார் என்று நூல் கூறவில்லை. ஆயினும் அவர்கள் வந்து கேட்ட பின்பே நிலம் கைக்கு வந்தது என்பதை மறைக்கவும் இல்லை. ஆண்டவரே அளித்த ஆணையாயினும், அது நிலமாக மாறுவதற்கு இரண்டாம் முறை வாயிலில் நிற்க வேண்டியிருந்தது.

இது வெறுங்கதை என்று எண்ணுவோர்க்கு மண் ஒரு சான்று வைத்திருந்தது. 1910ஆம் ஆண்டு, வடநாட்டு அரசின் தலைநகராயிருந்த சமாரியாவின் அரண்மனைப் பகுதியில் அகழாய்வு நடந்தது. அங்கே கிடைத்த எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கி.மு. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. எந்தப் பகுதியிலிருந்து எவ்வளவு திராட்சை இரசம், எவ்வளவு எண்ணெய் வந்தது என்னும் கணக்குகள் அவற்றில் இருந்தன. அப்பகுதிகளின் பெயர்களுள் நோகாவும் உண்டு, ஓக்லாவும் உண்டு. திர்சா என்பதோ, சமாரியாவுக்கு முன் வடநாட்டின் தலைநகராகவே விளங்கிய ஊரின் பெயர். வாயிலில் நின்று நிலம் கேட்ட பெண்களின் பெயர்களை நூற்றாண்டுகளுக்குப் பின்னும் அந்நாட்டு நிலங்கள் தாங்கியிருந்தன.

நம் மண்ணின் வாயில்கள்

இவ்வரலாற்றைக் கையில் ஏந்தியவாறு நம் மண்ணுக்கு வருவோம். இன்றைய திருவள்ளூர் மாவட்டம் 1997இல் பிரிக்கப்படும்வரை செங்கற்பட்டு மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. அம்மாவட்டத்தில் மிராசு முறை வேரோடியிருந்தது. ஊரின் விளைநிலத்தில் மட்டுமன்றித் தரிசிலும் மிராசுதாரர்க்கே முன்னுரிமை. தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணை உழுதவர்கள் ஒரு துண்டுத் தரிசுக்கு மனுக் கொடுத்தாலும், மிராசுதாரரின் விருப்பத்தைக் கேட்ட பின்பே அம்மனு நகரும். உழைப்பவரின் பெயர் கணக்கில் இல்லை. ஆகவே பங்கிலும் இல்லை. செலொபுகாதின் வீட்டு நிலையும் இதுவேயன்றோ?

1891இல் செங்கற்பட்டு ஆட்சியராகப் பொறுப்பு வகித்த திரமென்ஹீர், அம்மாவட்டத்துப் பறையர் மக்களின் அவலநிலை குறித்து அரசுக்கு விரிவான அறிக்கை அளித்தார். திருவள்ளூரில் பணியாற்றிய வெஸ்லியன் சபை மறைப்பணியாளர் வில்லியம் கௌடியும், செங்கற்பட்டில் பணியாற்றிய ஸ்காத்லாந்துச் சபையின் ஆடம் ஆண்ட்ரூவும் அதே மக்களின் நில உரிமைக்காக எழுதியும் வாதாடியும் வந்தனர். நம் சகோதர சபையினரின் இத்தொண்டை நாம் நன்றியுடன் நினைவுகூர வேண்டும். 1892இல் அரசு ஆணை பிறந்தது. ஒடுக்கப்பட்டோர்க்கெனத் தரிசு நிலம் ஒதுக்கப்பட்டது. பஞ்சமி நிலம் என்று நாம் அழைப்பது அதுவே. அதற்கும் ஒரு நிபந்தனை இருந்தது: குறித்த ஆண்டுகள்வரை அதை விற்கலாகாது, அதன் பின்னும் ஒடுக்கப்பட்டோரைத் தவிரப் பிறர்க்கு விற்கலாகாது. நிலம் குலத்தை விட்டுப் போகலாகாது என்ற எண்ணிக்கை நூலின் நிபந்தனையும் இதுவும் எவ்வளவு ஒத்திருக்கின்றன! ஆனால் அங்கே நிபந்தனை காக்கப்பட்டது. இங்கே ஏட்டில் இருந்தது. நிலங்களோ கை மாறிக்கொண்டிருந்தன.

நூறாண்டு சென்று அம்மக்கள் மறுபடியும் கேட்டனர். 1994இல், செங்கற்பட்டு மாவட்டத்துக் காரணையில் பஞ்சமி நில மீட்புக் கிளர்ச்சி எழுந்தது. அவ்வாண்டு அக்டோபர் 10ஆம் நாள் செங்கற்பட்டில் நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இளைஞர் இருவர் உயிரிழந்தனர். ஒருவர் பெயர் நம் திருமுழுக்குப் பதிவேட்டில் காணும் பெயர். மற்றவர் பெயர் ஏழுமலையானின் பெயர். இருவரும் ஒரே வாயிலில் நின்றவர்கள்.

தேர்வாய் கண்டிகை

கும்மிடிப்பூண்டி வட்டத்தில் உள்ள தேர்வாய் கண்டிகை, பெரும்பாலும் தலித் மக்கள் வாழும் சிற்றூர். அதையொட்டி ஏறத்தாழ 1,100 ஏக்கர் பரப்பில் மேய்ச்சல் நிலமும் காடும் இருந்தன. அரசுக் கணக்கில் அது மேய்க்கால் புறம்போக்கு. ஆடுமாடு மேய்த்தவர்க்கும், விறகு பொறுக்கியவர்க்கும், நிலமற்ற கூலிகட்கும் அதுவே வாழ்வாதாரம். அந்நிலம் சிப்காட் தொழிற்பேட்டைக்கென ஒதுக்கப்பட்டது. 2009 நவம்பரில் பிரெஞ்சு நாட்டு மிஷெலின் டயர் நிறுவனம் அங்கே தொழிற்சாலை அமைக்கத் தமிழக அரசுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தது. ஊர்மக்கள் எதிர்த்தனர், போராட்டங்களும் கைதுகளும் நிகழ்ந்தன. பெண்கள் முன்வரிசையில் நின்றனர்.

மேய்ச்சல் நிலத்தைக் குறித்து விவிலியம் என்ன கூறுகிறது? லேவியர் நூலின் 25ஆம் அதிகாரம், லேவியர் நகர்களின் மேய்ச்சல் நிலத்தை விற்கவே கூடாது என்று விதிக்கிறது. வீட்டை விற்கலாம், மீட்கலாம். மேய்ச்சல் நிலமோ அவர்களது நிலையான உடைமை. தனி ஒருவர்க்கு உரியதல்லாத நிலம் எவர்க்கும் உரியதல்லாத நிலம் ஆகிவிடாது என்பது இதன் உட்பொருள். புறம்போக்கு என்னும் சொல்லுக்குள் ஓர் ஊரின் வாழ்வு அடங்கியிருக்கக் கூடும்.

2012 ஜூலையில் இம்முறையீடு கடல் கடந்தது. ஊர்மக்களின் சங்கத்தோடு பிரெஞ்சு நாட்டு அமைப்புகள் சில சேர்ந்து, பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் நெறிகளின் அடிப்படையில் பாரிசில் முறையிட்டன. அவற்றுள் ஒன்று, பசிக்கு எதிராகவும் முன்னேற்றத்துக்காகவும் உழைக்கும் கத்தோலிக்க அமைப்பாகிய சி.சி.எப்.டி. முறையீட்டாளர்கள் இடையிலேயே விலகிக்கொண்டனர். நிறுவனம் நெறிகளை மீறவில்லை என்று 2013இல் முடிவு வந்தது. சில பரிந்துரைகளும் அதனோடு வந்தன. தொழிற்சாலை எழுந்தது; பிறவும் எழுந்தன. வேலைவாய்ப்பும் சாலைகளும் வந்தன என்பதை மறுப்பது நேர்மையாகாது. தொழிற்சாலையே கூடாது என்று விவிலியம் கூறவும் இல்லை. மேய்ச்சல் நிலத்தை நம்பியிருந்தவரின் வாய்ச்சொல் எந்த வாயிலில், எவர் முன்னிலையில், எவ்வளவு கேட்கப்பட்டது என்பதே விவிலியம் நம்மிடம் கேட்கும் கேள்வி.

இதே ஊருக்கு இன்னொரு பெயரும் உண்டு. கண்ணன்கோட்டை, தேர்வாய் கண்டிகை ஏரிகளை இணைத்து, பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகியவற்றை அடுத்துச் சென்னையின் ஐந்தாம் நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டது. 2020 நவம்பரில் திறக்கப்பட்டது. அதன் கொள்ளளவு 50 கோடி கன அடி. நகரத்தின் தாகம் தீர்க்கும் நீர் அது. அந்த நீரை எண்ணும்போது காலேபின் மகள் அக்சா நினைவுக்கு வருகிறாள். மணமுடித்துச் சென்றவள், கழுதையினின்று இறங்கித் தந்தையின் முன் நின்றாள். வறண்ட நிலத்தைக் கொடுத்தீரே, நீரூற்றுகளையும் தாரும் என்று கேட்டாள். காலேபு மேல் ஊற்றையும் கீழ் ஊற்றையும் அளித்தார். நிலத்தைக் கொடுத்து நீரை மறப்பது பாதிக் கொடை என்பதைச் சொல்ல அவள் அஞ்சவில்லை. அதைக் கேட்கத் தந்தையும் முகம் சுளிக்கவில்லை.

நமக்கு உரியது

இவர்களிடமிருந்து நாம் கற்பது என்ன? பொறுமையும் அடக்கமும் கிறிஸ்தவப் பண்புகள் என்று பன்முறை கேட்டிருக்கிறோம், உண்மையே. ஆனால் நியாயத்தைக் கேட்காமலிருப்பது பொறுமை ஆகாது. செலொபுகாதின் புதல்வியர் சபிக்கவில்லை, கலகம் செய்யவில்லை. ஒன்றாகச் சேர்ந்து, பட்டப்பகலில், அனைவர்முன்னும், தங்கள் பெயரோடு நின்று கேட்டார்கள். ஆண்டவர் அதைச் சரியெனக் கண்டார். நடுவரிடம் ஓயாமல் வந்த கைம்பெண்ணை இயேசு நமக்கு மாதிரியாகக் காட்டியபோது, இந்த ஐவரின் மரபையே தொடர்ந்தார் என்று சொல்லத் தோன்றுகிறது.

நம்முள் தலைவராய் இருப்போர்க்கு மோசேயிடம் பாடம் உண்டு. விதியில் இடமில்லாத வழக்கு வரும்போது, விதியைக் காட்டிக் கதவை அடைப்பது எளிது. வழக்கை இறைவன்முன் வைப்பதற்குத் தாழ்ச்சி வேண்டும். தீர்ப்பு மாறி வந்தால் அதை ஏற்கத் துணிவும் வேண்டும். மண்ணுலகும் அதிலுள்ளவையும் மாந்தர் அனைவரின் பயனுக்காகவே படைக்கப்பட்டன என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஏட்டில் கற்பித்தது. அப்போதனையை நம் பங்கின் கல்லறை நிலத்திலும், நம் நிறுவனங்களின் மதிற்சுவரை ஒட்டிய குடிசைகளிலும் சோதித்துப் பார்ப்போமா? அங்கேயும் கணக்கில் ஏறாத பெயர்கள் இருக்கக் கூடும்.

நம் அன்பியக் கூட்டங்களில் எண்ணிக்கை நூலின் 27ஆம் அதிகாரத்தை ஒரு நாள் வாசிக்கலாம். வாசித்த பின், நம் ஊரில் யார் பெயர் எந்தக் கணக்கில் விடுபட்டிருக்கிறது என்று ஒருவரையொருவர் கேட்கலாம். விடுபட்டவரோடு கிராம சபைக்குச் சென்று உடன் நிற்கலாம். முதல் முறை கேட்டுக் கிடைக்காவிடில், மறுபடியும் செல்லலாம். எலயாசரின் முன் அந்த ஐவரும் இரண்டாம் முறை நின்றபோது அவர்கள் கையில் புதிய வாதம் எதுவும் இல்லை. முன்பே தரப்பட்ட வாக்கு ஒன்றே இருந்தது. நம்மிடமும் அது இருக்கிறது.