பரிசோதகர் பார்க்காமல் விட்ட விமானம்

குளிர்காலத்தில் ரொறொன்ரோ பியர்சன் விமான நிலையத்திலிருந்து பறந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். விமானம் நேரே ஓடுபாதைக்குப் போகாது. ஓரிடத்தில் நிற்கும். பெரிய வாகனங்கள் வந்து இறக்கைகளின் மேல் செம்மஞ்சள் திரவத்தை அடிக்கும். பனி கொட்டும் நாளென்றால் அதற்கு மேலே பச்சைத் திரவமும் அடிப்பார்கள். உள்ளே எல்லோரும் நேரத்தைப் பார்த்துச் சலித்துக்கொள்வோம்.

இந்த விதி கனடாவில் இவ்வளவு இறுக்கமானதற்குப் பின்னால் 24 பேரின் சாவு இருக்கிறது. உங்களில் பெரும்பாலானோர் பிறப்பதற்கு முன்பு, நம்முடைய இதே ஒன்ராறியோ மாகாணத்தில் நடந்தது அது. பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லித் தருவதில்லை. நான் பொறியியல் படித்தவன், இப்போது கணினி ஆலோசகராக வேலை செய்கிறேன். ஒரு பெரிய அமைப்பு எப்படி உடைகிறது என்று யாராவது என்னிடம் கேட்டால் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

1989 மார்ச் 10. எயர் ஒன்ராறியோ நிறுவனத்தின் 1363ஆம் இலக்க விமானம் தண்டர் பேயிலிருந்து ட்றைடன் வழியாக வின்னிபெக் போக வேண்டும். ஃபொக்கர் எஃப்-28 என்ற ஜெட் விமானம் அது. மார்ச் விடுமுறைக் காலமாதலால் விமானம் நிறைந்திருந்தது. வின்னிபெக்கில் வேறு விமானம் பிடிக்க வேண்டியவர்கள் பலர். ஏற்கெனவே நேரம் பிந்திவிட்டது.

ட்றைடனில் இறங்கியபோது பனி பெய்யத் தொடங்கியிருந்தது. எரிபொருள் நிரப்ப வேண்டும். ஆனால் விமானத்தில் ஒரு பழுது. எஞ்சினை இயக்கித் தொடங்க உதவும் சிறிய துணை எஞ்சின் வேலை செய்யவில்லை. ட்றைடன் சிறிய விமான நிலையம், வெளியிலிருந்து எஞ்சினைத் தொடக்கிவிடும் கருவியும் அங்கே கிடையாது. இரண்டு எஞ்சின்களையும் நிறுத்தினால் விமானம் அங்கேயே நின்றுவிடும். அதனால் ஒரு எஞ்சினை ஓடவிட்டபடியே, பயணிகளை உள்ளே வைத்துக்கொண்டே எரிபொருள் நிரப்பினார்கள். எஞ்சின் ஓடும்போது இறக்கையில் பனி நீக்கும் திரவம் அடிக்கக் கூடாது என்பது விதி. ஆகவே திரவம் அடிக்கப்படவில்லை.

ஓடுபாதைக்குப் போன பிறகும் ஒரு சிறிய விமானம் இறங்குவதற்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த நேரம் முழுவதும் இறக்கையில் ஈரப்பனி விழுந்துகொண்டிருந்தது. நண்பகல் தாண்டிச் சில நிமிடங்களில் விமானம் புறப்பட்டது. சரியாக மேலே எழ முடியாமல், ஓடுபாதை முடிந்து ஒரு கிலோமீட்டருக்குள் மரங்களில் மோதித் தீப்பிடித்தது. உள்ளே இருந்த 69 பேரில் 24 பேர் இறந்தார்கள். இரண்டு விமானிகளும் ஒரு பணிப்பெண்ணும் அவர்களில் அடக்கம்.

கொஞ்சம் பனி இவ்வளவு செய்யுமா என்று நீங்கள் கேட்கலாம். செய்யும். இறக்கையின் முன்பகுதியிலும் மேற்பரப்பிலும் உப்புத்தாள் அளவுக்குச் சொரசொரப்பாகப் பனி உறைந்தாலே போதும். தூக்கும் விசை 30 சதவீதம் வரை குறையலாம், இழுவை 40 சதவீதம் வரை கூடலாம். எஃப்-28 இறக்கையின் அமைப்பு இதற்கு இன்னும் இலகுவில் பாதிக்கப்படக் கூடியது.

இதோடு விட்டிருந்தால் "விமானியின் தவறு" என்று கோப்பை மூடியிருக்கலாம். பனியோடு புறப்படுவதென்று முடிவெடுத்தவர் தலைமை விமானி ஜோர்ஜ் மோர்வூட். அவரும் இறந்துவிட்டார். மறுத்துப் பேச ஆளில்லை.

ஆனால் விசாரணை அல்பேர்ட்டா நீதிபதி வேர்ஜில் மொஷான்ஸ்கியிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் கேட்ட கேள்வி வேறு. "இந்த விமானி ஏன் இப்படிச் செய்தார்" என்பதோடு அவர் நிற்கவில்லை. "இப்படிச் செய்ய வேண்டிய நிலைக்கு ஒரு விமானியைக் கொண்டுவந்து நிறுத்திய அமைப்பு எது" என்றும் கேட்டார். நூற்றுக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்தார். 1992இல் வந்த இறுதி அறிக்கையில் 191 பரிந்துரைகள் இருந்தன.

அந்த விசாரணையில்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்த ஆள் வருகிறார்: அரசாங்கத்தின் விமானப் பாதுகாப்புப் பரிசோதகர்.

இவரைப் பயணிகள் யாரும் பார்ப்பதில்லை. கனடாவில் இவர் மத்திய போக்குவரத்துத் திணைக்களத்தின் ஊழியர். விமான நிறுவனத்தின் கையேடுகளைப் படித்துப் பார்ப்பார். பயிற்சிப் பதிவுகளைப் புரட்டுவார். விமானி அறையில் விமானிகளுக்குப் பின்னால் உள்ள சிறிய இருக்கையில் அமர்ந்து அவர்கள் வேலை செய்வதைக் கவனிப்பார். பழுதுபார்க்கும் கூடத்துக்குப் போய், எந்தப் பழுதை எத்தனை நாளாகத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பார். சரியில்லை என்றால் விமானத்தைத் தரையில் நிறுத்த முடியும். நிறுவனத்தின் அனுமதியையே இடைநிறுத்தும்படி சொல்ல முடியும்.

1980களில் இவர்களுக்கு என்ன நடந்தது? 1984இலிருந்து கனடிய அரசு விமானத் தொழில் மீதான வணிகக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. 1988இல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. புதிய நிறுவனங்கள், புதிய வழித்தடங்கள், புதிய விமானங்கள் எல்லாம் வந்தன. பயணச்சீட்டு மலிந்தது. நல்ல விடயம்தான். ஆனால் அதே காலத்தில் அரசாங்கம் செலவையும் குறைத்தது. பார்க்க வேண்டிய வேலை பெருகியது, அதற்கேற்பப் பரிசோதகர்கள் பெருகவில்லை. இது ஆபத்தில் முடியும் என்று திணைக்களத்துக்குள்ளேயே சிலர் மேலிடத்துக்கு எழுதினார்கள். அந்த எழுத்துகள் கோப்புகளில் தூங்கின.

எயர் ஒன்ராறியோ அப்போது இரண்டு சிறிய நிறுவனங்கள் இணைந்து உருவான நிறுவனம். அதுவரை அவர்கள் ஓட்டியது பெரும்பாலும் சுழல்விசிறி விமானங்கள். எஃப்-28 ஜெட்டை 1988இல்தான் சேவைக்கு எடுத்தார்கள். அதற்கென்று நிறுவனத்தின் சொந்தக் கையேடு இருக்கவில்லை, வேறு நிறுவனங்களின் கையேடுகளை வைத்து ஓட்டினார்கள். மோர்வூட் பல்லாயிரம் மணி நேரம் பறந்த அனுபவசாலி. ஆனால் இந்த வகை விமானத்தில் அவருக்கும் துணை விமானிக்கும் தலா 100 மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

ஒரு பரிசோதகர் உள்ளே போயிருந்தால் இவையெல்லாம் கண்ணில் பட்டிருக்கும். 1988இல் திணைக்களம் இந்த நிறுவனத்தில் தணிக்கை நடத்தியதும் உண்மை. ஆனால் விமானங்களை ஓட்டும் முறை பற்றிய பகுதி பிற்போடப்பட்டது. பிறகு அது நடந்தபோதும் எஃப்-28 பக்கம் பார்க்கப்படவில்லை. எதைக் கட்டாயம் பார்த்திருக்க வேண்டுமோ அதை விட்டுவிட்டார்கள்.

என் வேலையிலும் தணிக்கை உண்டு. பட்டியலில் எல்லாக் கட்டத்துக்கும் சரி போட்டிருந்தால் மேலதிகாரி சந்தோஷப்படுவார். ஆனால் புதிதாக வந்த பகுதி அந்தப் பட்டியலிலேயே இல்லாவிட்டால் அந்தச் சரிகளுக்கு என்ன பொருள்? பரிசோதனையைக் குறைத்தால் அடுத்த நாள் ஒன்றும் நடக்காது. அடுத்த மாதமும் நடக்காது. பணம் மிச்சமாவது மட்டும் உடனே தெரியும். அதில்தான் ஆபத்து இருக்கிறது.

இன்னொன்றும் விசாரணையில் வெளிவந்தது. எங்கள் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது கொஞ்சம் சுடும். இறக்கையில் பனி இருப்பதைப் பயணிகள் பார்த்தார்கள். பணிப்பெண் பார்த்தார். பயணிகளாக வந்திருந்த வேறு இரண்டு விமானிகளும் பார்த்தார்கள். யாரும் விமானி அறைக்குப் போய்ச் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாததா என்று நினைத்தார்கள். விமானியின் வேலையில் தலையிடக் கூடாது என்பதே அப்போது பணிப்பெண்களுக்கு இருந்த பழக்கம். பெரியவர்கள் கதைக்கும்போது குறுக்கே கதைக்காதே என்று நாம் கேட்டு வளர்ந்தோமே, அதேதான். மரியாதை வேறு, மௌனம் வேறு என்று அந்த அறிக்கை எனக்குச் சொல்லித் தந்தது. இன்று விமானப் பணியாளர்களுக்கு, கண்டதை விமானியிடம் சொல்லப் பயிற்சி கொடுக்கிறார்கள்.

பாடம் உடனே எல்லோரையும் எட்டவில்லை. 1992 மார்ச் 22 அன்று நியூயோர்க்கின் லகார்டியா விமான நிலையத்தில் இன்னொரு எஃப்-28, அதேபோல இறக்கையில் பனியோடு புறப்பட்டு விழுந்தது. 27 பேர் இறந்தார்கள்.

கனடாவில் பனி படிந்த இறக்கையோடு புறப்படக் கூடாது என்ற விதி இறுக்கப்பட்டது. ஆனால் பரிசோதகர்களின் கதை முடியவில்லை. 2005இலிருந்து, பெரிய விமான நிறுவனங்கள் தங்கள் பாதுகாப்பைத் தாங்களே கண்காணிக்கும் ஒழுங்கை வைத்திருக்க வேண்டும், திணைக்களம் அந்த ஒழுங்கைப் பரிசோதிக்கும் என்ற முறை வந்தது. நேரடிப் பரிசோதனை குறைந்துவிடும் என்று பரிசோதகர்களின் சங்கம் கவலைப்பட்டது. மொஷான்ஸ்கியும் ஓய்வு பெற்ற பின் எச்சரித்தார். 2012இல் கனடாவின் தலைமைக் கணக்காய்வாளர், ஒரு நிதியாண்டில் திட்டமிட்ட பரிசோதனைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் நடந்திருக்கிறது என்று கண்டார்.

உங்களில் சிலர் நாளை பொறியியலாளர் ஆவீர்கள், சிலர் அரசாங்க வேலைக்குப் போவீர்கள், எல்லோரும் வாக்களிப்பீர்கள். எங்காவது "விமானியின் தவறு", "சாரதியின் தவறு", "தாதியின் தவறு" என்று செய்தி வந்தால் அந்த ஒரு பெயரோடு நிறுத்தாதீர்கள். அதற்கு முந்திய வருடம் அங்கே பரிசோதிக்கப் போனவர் யார், அவர் எதைப் பார்க்காமல் விட்டார், அவரைப் போகவிடாமல் செய்தது எது என்று கேளுங்கள்.