ஸ்கூல் பீஸ் ரசீது காட்டினா வரி ரீபண்ட் வருமா? சம்பளக்காரர்கள் கவனத்துக்கு

சென்னை: ஜூன் பிறந்தாலே நடுத்தர குடும்பங்களுக்கு ரெண்டு தலைவலி. ஒண்ணு, பிள்ளைகளின் ஸ்கூல் பீஸ். இன்னொண்ணு, வருமான வரி ரிட்டன். ‘பீஸ் ரசீதை காட்டு, பிடிச்ச வரி திரும்பி வந்துடும்’ என்பார் பக்கத்து சீட்டுக்காரர். ‘இப்போ அதெல்லாம் கிடையாதுப்பா’ என்பார் இன்னொருத்தர். ரெண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. 2025-26 நிதியாண்டு வருமானத்துக்கான கணக்கு இதோ.

முதலில் ஒரு விஷயம். ரீபண்ட் என்பது அரசு தரும் இனாம் இல்லை. சம்பளத்தில் டிடிஎஸ் என்று கூடுதலாக பிடித்த உங்க பணம்தான் திரும்பி வருகிறது. வரியே பிடிக்கவில்லை என்றால், ரசீது கட்டுக்கட்டாக இருந்தாலும் நயா பைசா வராது.

அமெரிக்காவில் 17 வயசு நிரம்பாத பிள்ளை ஒண்ணுக்கு, 2025ம் ஆண்டு கணக்கில் அதிகபட்சம் 2,200 டாலர் என்று வரியிலேயே நேரடியாக கழிக்கிறார்கள். நம்ம ஊரில் அப்படி இல்லை. இங்கே பீஸை வருமானத்தில்தான் கழிக்க முடியும். அதுவும் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும்.

எந்த பீஸ் கணக்கில் வரும்?

80சி பிரிவில் டியூஷன் பீஸ், அதாவது பாடம் நடத்த பள்ளி, கல்லூரி வாங்கும் கட்டணம் மட்டும் சேரும். எல்.கே.ஜி., நர்சரிக்கும் உண்டு. படிப்பு முழுநேர படிப்பாக இருக்கணும். கல்வி நிறுவனம் இந்தியாவில் இருக்கணும். டொனேஷன், வளர்ச்சி நிதி, பஸ் கட்டணம், ஹாஸ்டல், லேட் பீஸ், கோச்சிங் சென்டருக்கு கட்டியது எதுவும் சேராது.

ஒருத்தர் ரெண்டு பிள்ளைகளுக்கு கணக்கு காட்டலாம். அப்பா, அம்மா ரெண்டு பேரும் வேலைக்கு போனால், அவரவர் கட்டிய தொகையை அவரவர் காட்டலாம். ஒரே ரசீதை ரெண்டு பேரும் காட்டக் கூடாது. பி.எப்., எல்.ஐ.சி., செல்வமகள் சேமிப்பு எல்லாம் சேர்த்து 80சி உச்சவரம்பு 1.5 லட்சம் ரூபாய்தான். பி.எப்.பிலேயே அது நிரம்பி விட்டால் பீஸ் ரசீதால் லாபம் இல்லை.

கம்பெனி கல்விப்படி கொடுத்தால் பிள்ளைக்கு மாதம் 100 ரூபாய், ஹாஸ்டல் படிக்கு மாதம் 300 ரூபாய் என ரெண்டு பிள்ளைகள் வரை வரி விலக்கு உண்டு. கல்விக்கடன் வட்டியை 80இ பிரிவில் 8 ஆண்டு வரை முழுசாக கழிக்கலாம். இவையும் பழைய முறையில் மட்டுமே.

ஒரு கணக்கு போட்டு பார்ப்போம்

ஆண்டு சம்பளம் 9 லட்சம். வேறு வருமானம் இல்லை. பி.எப். 60 ஆயிரம், ரெண்டு பிள்ளைகளின் டியூஷன் பீஸ் 90 ஆயிரம். ஆண்டு தொடக்கத்தில் ஆபீசில் பழைய முறை என்று எழுதிக் கொடுத்து விட்டார். ரசீதை நேரத்தில் கொடுக்க மறந்து விட்டார். நிலையான கழிவு 50 ஆயிரமும் பி.எப்.பும் போக 7.9 லட்சத்துக்கு, செஸ் உட்பட 73,320 ரூபாய் பிடித்து விட்டார்கள்.

இப்போ ரிட்டனில் பீஸை காட்டினால் வருமானம் 7 லட்சமாக குறையும். வரி 54,600. ரீபண்ட் 18,720 ரூபாய். பரவாயில்லையே என்று தோன்றும். ஆனா இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

இதே ஆள் ரிட்டனில் புதிய முறைக்கு மாறினால்? 75 ஆயிரம் நிலையான கழிவு போக 8.25 லட்சம். புதிய முறையில் 2025-26க்கு 12 லட்சம் வரை வரி தள்ளுபடி இருப்பதால் வரி பூஜ்யம். பிடித்த 73,320 ரூபாயும் திரும்ப வரும். பீஸ் ரசீதே தேவையில்லை. ஆபீசில் பழைய முறை என்று சொல்லியிருந்தாலும், சம்பளக்காரர்கள் ரிட்டனில் மாற்றிக் கொள்ளலாம்.

சம்பளம் மட்டும் வருமானமாக இருந்து 12.75 லட்சத்தை தாண்டாதவர்களுக்கு இதுதான் நிலைமை. அதுக்கு மேல் வாங்குபவர்கள், வாடகைப்படி, வீட்டுக்கடன் வட்டி, 80சி எல்லாம் சேர்ந்து பெரிய தொகை வந்தால் பழைய முறையை பார்க்கலாம். வருமான வரித்துறை இணையதளத்தில் உள்ள கால்குலேட்டரில் ரெண்டையும் போட்டு பார்த்துட்டு முடிவு செய்யுங்க.

தேதியை விட்டா போச்சு

2023-24 முதல் புதிய முறைதான் தானாக வரும். பழைய முறை வேண்டும் என்றால் கெடு தேதிக்குள் ரிட்டன் போட்டாகணும். சம்பளக்காரர்களுக்கு வழக்கமாக ஜூலை 31 கெடு. தாமதமாக போட்டால் புதிய முறையில்தான் கணக்கு. பீஸ் ரசீது வெறும் காகிதம்தான்.

2025ல் நிறைவேறிய புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல்தான் அமல். அதனால் 2025-26 வருமானத்துக்கு பழைய 1961ம் ஆண்டு சட்டமே பொருந்தும்.

ஏஜென்ட்களிடம் உஷார்

‘ரீபண்ட் வாங்கி தர்றேன், வர்றதுல பங்கு கொடுங்க’ என்று சொல்லி, கட்டாத பீஸ், வாங்காத கடனை எல்லாம் காட்டும் ஆட்கள் இருக்கிறார்கள். இப்படி பொய் கழிவு காட்டியவர்களை குறிவைத்து 2025 ஜூலையில் நாடு முழுவதும் பல இடங்களில் வருமான வரித்துறை அதிரடி சோதனை நடத்தியது. மாட்டினால் வரி, வட்டியோடு, ஏய்த்த வரியைப் போல ரெண்டு மடங்கு வரை அபராதம் விழும். பங்கு வாங்கியவர் நழுவி விடுவார். ரிட்டனில் இருப்பது உங்க பெயர்.

ரிட்டன் போடும் முன் பார்ம் 16ல் உள்ள டிடிஎஸ் தொகையும், 26ஏஎஸ் படிவத்தில் உள்ளதும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க. ரிட்டன் போட்ட 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி மூலம் சரிபார்ப்பை முடிக்கணும். வங்கிக் கணக்கையும் இணையதளத்தில் உறுதி செய்து வைங்க. இதில் ஒண்ணை விட்டாலும் ரீபண்ட் பாதி வழியில் நின்று விடும்.