25ஆம் கதவு

சந்தவாசலில் ஒரு வீடு. அலமாரியில் பழைய மடிக்கணினி. அதில் லினக்ஸ், அஞ்சல் அனுப்ப போஸ்ட்ஃபிக்ஸ், சொந்தக் காசில் வாங்கிய ஒரு டொமைன். பட்டு நெய்கிற குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். புடவைப் படங்களைத் தன் பெயரில், தன் முகவரியிலிருந்து வாடிக்கையாளருக்கு அனுப்ப ஆசை. அனுப்பியாச்சு, போய்ச் சேரவில்லை. 'மெயில்க்யூ' என்று தட்டினால் கடிதம் வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறது. லாக் கோப்பைத் திறந்தால் ஒரே வரி திரும்பத் திரும்ப: கனெக்‌ஷன் டைம்டு அவுட்.

அமைப்புக் கோப்பை எத்தனை முறை மாற்றி எழுதினாலும் இது சரியாகாது. காரணம் அந்த மடிக்கணினிக்குள் இல்லை. நாற்பது வருட வரலாற்றுக்குள் இருக்கிறது.

ஆகஸ்ட் 1982இல் ஜான் போஸ்டல் எழுதிய ஆர்.எஃப்.சி. 821 என்கிற ஆவணம்தான் அஞ்சல் இயந்திரங்கள் ஒன்றோடொன்று பேசும் மொழியை வகுத்தது. எஸ்.எம்.டி.பி. என்று அதற்குப் பெயர். ஓர் இயந்திரம் இன்னொன்றின் 25ஆம் எண் போர்ட்டை, அதாவது 25ஆம் கதவைத் தட்டும். "ஹலோ, நான் இன்னார். இன்னாரிடமிருந்து, இன்னாருக்கு, இதோ கடிதம்." அவ்வளவுதான் உரையாடல். "நீ சொல்கிற ஆள்தானா நீ?" என்கிற கேள்வி அதில் எங்குமே கிடையாது. யாரோ யாருக்கோ எழுதிய கடிதத்தையும் வாங்கி அடுத்த இயந்திரத்துக்குக் கடத்திவிடுவது அன்றைய மரியாதை.

ஈமெயிலைக் கண்டுபிடித்தது தமிழர் என்று வாட்ஸப்பில் வருடாவருடம் ஒரு செய்தி சுற்றும். சிவா அய்யாதுரை பதின்வயதில் நியூ ஜெர்சியில் ஒரு மருத்துவக் கல்லூரிக்காக 'ஈமெயில்' என்ற பெயரில் நிரல் எழுதியதும், 1982இல் அதற்குப் பதிப்புரிமைப் பதிவு பெற்றதும் உண்மை. 1971லேயே ரே டாம்லின்சன் @ குறியைப் போட்டு இரண்டு கணினிகளுக்கிடையே கடிதம் அனுப்பிவிட்டார் என்பதும் உண்மை. யார் முதல் என்கிற இந்தச் சண்டையில் முக்கியமான விஷயம் காணாமல் போகிறது. ஈமெயில் ஒருத்தர் செய்து முடித்த பொருள் இல்லை. முன்பின் தெரியாத இயந்திரங்கள் ஒன்றையொன்று நம்புவதாகச் செய்துகொண்ட ஒப்பந்தம் அது.

இந்த ஒப்பந்தத்துக்குள் நாம் வந்தது 1980களின் பிற்பகுதியில். 1986இல் தொடங்கிய எர்நெட் திட்டத்தில் சென்னை ஐ.ஐ.டி.யும் ஒரு கண்ணி. பொதுமக்களுக்கு இணையம் வந்தது 15 ஆகஸ்ட் 1995இல், வி.எஸ்.என்.எல். முதலில் இணைத்த ஊர்களில் மெட்ராஸும் உண்டு. அப்போது கடிதம் உங்கள் வீட்டிலிருந்து புறப்படாது. தொலைபேசி வழியே வி.எஸ்.என்.எல். இயந்திரத்துக்குள் நுழைந்து, அங்கிருந்து அனுப்புவீர்கள். 1998 இறுதியில் தனியார் நிறுவனங்கள் வந்தன. 2005க்குப் பிறகு பிராட்பேண்ட் பரவியபோதுதான் நாள் முழுக்க இணைப்பிலிருக்கும் கணினி நம் வீடுகளில் சாத்தியமானது. அதற்குள் ஒப்பந்தம் கிழிந்துவிட்டது.

கிழித்தது ஸ்பாம். 1978 மே மாதத்திலேயே கேரி துர்க் என்கிற விற்பனையாளர் அர்பாநெட்டில் சுமார் 400 பேருக்கு ஒரே கணினி விளம்பரத்தை அனுப்பித் திட்டு வாங்கினார். அது முன்னோட்டம். அடிப்படைச் சிக்கல் காசில் இருந்தது. 1854இல் இந்திய அஞ்சல் துறை தூரம் எவ்வளவானாலும் கால் தோலா கடிதத்துக்கு அரையணா என்று நிர்ணயித்தது. தபால்தலை வாங்கியவன் யாரென்று கேட்கத் தேவையில்லை. அந்த அரையணாவே காவல். ஈமெயிலில் பத்துக் கடிதமும் பத்து லட்சம் கடிதமும் அனுப்புகிறவனுக்கு ஏறக்குறைய ஒரே விலை. சுமை முழுக்க வாங்குகிறவன் தலையில். போதாததற்கு, யார் கொடுத்தாலும் கடத்திவிடும் அந்த மரியாதைக்கார இயந்திரங்கள் ஸ்பாம்காரர்களின் இலவச வண்டிகளாயின.

கதவுகள் ஒவ்வொன்றாக மூடின. 1997இல் பால் விக்ஸியும் நண்பர்களும் ஸ்பாம் அனுப்பும் ஐ.பி. முகவரிகளின் கறுப்புப் பட்டியலைத் தொடங்கினார்கள். 1998இல் ஸ்பாம்ஹவுஸ் வந்தது. அதே வருடம் சென்ட்மெயில் நிரல், பிறர் கடிதத்தைக் கடத்தும் வழக்கத்தை இயல்பிலேயே நிறுத்திக்கொண்டது. எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷனைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜான் கில்மோர் மட்டும் தன் இயந்திரத்தைத் திறந்தே வைப்பேன் என்று பிடிவாதம் பிடித்தார். 2001இல் அவருக்கு இணைப்பு கொடுத்த நிறுவனம் அவருடைய 25ஆம் கதவை அடைத்தது. 2004 ஜனவரியில் பில் கேட்ஸ் டாவோஸில் பேசும்போது இரண்டே வருடத்தில் ஸ்பாம் தீர்ந்துவிடும் என்றார். தீரவில்லை.

பிறகு நம் முறை வந்தது. பிராட்பேண்டில் இணைந்த வீட்டுக் கணினிகளில் வைரஸ் புகுந்தது. உரிமையாளருக்கே தெரியாமல் அவை ஸ்பாம் அனுப்பின. 2012இன் முதல் காலாண்டில் உலகில் அதிகமாக ஸ்பாம் கடத்தும் நாடு இந்தியா என்று சோபோஸ் நிறுவனம் கணக்கிட்டது. உலகம் எடுத்த முடிவு எளியது. வீட்டு இணைப்புகளின் முகவரிகளை மொத்தமாகப் பட்டியலிட்டு, "இங்கிருந்து நேராக அஞ்சல் வரக்கூடாது" என்று வைத்துவிட்டார்கள். ஸ்பாம்ஹவுஸின் பி.பி.எல். பட்டியல் அப்படிப்பட்டது. அதில் இருக்க நீங்கள் தப்பு செய்திருக்க வேண்டியதில்லை. அந்தத் தெருவில் குடியிருந்தால் போதும்.

ஊர்ப் பெயரையும் தெருப் பெயரையும் கேட்டு ஆளை எடைபோடுவது நமக்குப் புதுசா என்ன?

இந்த வரலாறு தெரிந்தால் லாக் கோப்பு வேறு மாதிரி வாசிக்கக் கிடைக்கும். 'டைம்டு அவுட்' எல்லாப் பெரிய நிறுவனங்களுக்கும் ஒரேபோல வருகிறதென்றால், பெரும்பாலும் உங்கள் இணைய நிறுவனமே 25ஆம் கதவை வெளியே போக விடாமல் அடைத்திருக்கிறது. கதவு திறந்து, 5இல் தொடங்கும் எண்ணோடு பதில் வந்தால் "வராதே" என்று அர்த்தம். பட்டியலில் பெயர் இருக்கலாம். 4இல் தொடங்கினால் "அப்புறம் வா". பொறுமை இல்லாத ஸ்பாம் நிரல் திரும்ப வராது என்ற கணக்கில் 2003இல் எழுந்த 'கிரேலிஸ்டிங்' உத்தியாகவும் அது இருக்கலாம். "உன் ஐ.பி.க்குப் பெயர் இல்லை" என்று வந்தால் அது தலைகீழ் டி.என்.எஸ். குறை. அந்தப் பெயரை எழுதும் அதிகாரம் உங்களிடம் இல்லை; ஐ.பி.யைக் கொடுத்த நிறுவனத்திடம் இருக்கிறது. பல வீடுகள் ஒரே ஐ.பி.யைப் பங்கிட்டுக்கொள்ளும் இணைப்பில் அதைக் கேட்கவும் முடியாது.

நடைமுறைத் தீர்வு, 587ஆம் கதவு வழியே ஒரு பெரிய அஞ்சல் நிறுவனத்திடம் கடவுச்சொல் காட்டிக் கடிதத்தை ஒப்படைத்து, அவர்கள் மூலம் அனுப்புவது. 'ஸ்மார்ட்ஹோஸ்ட்' என்பார்கள். நெசவாளர் குடும்பத்துக்கு இந்த ஏற்பாடு விளங்கச் சிரமமில்லை. தறி நம் வீட்டில்தான் ஓடும். புடவை மாஸ்டர் வீவர் கை வழியாகத்தான் சந்தைக்குப் போகும்.

ஆனால் வரலாறு இதற்கு எதிர்த்திசையிலும் ஓர் அடி வைத்திருக்கிறது. எஸ்.பி.எஃப். என்பது எந்த இயந்திரங்கள் உங்கள் பெயரில் அனுப்பலாம் என்று டி.என்.எஸ்.ஸில் நீங்களே எழுதிவைக்கும் பட்டியல். 2007இல் தரமான டி.கே.ஐ.எம்., ஒவ்வொரு கடிதத்திலும் உங்கள் டொமைனின் டிஜிட்டல் கையெழுத்தைப் போடுகிறது. 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் தங்களுக்கு வரும் அஞ்சலில் இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்கின்றன. மொத்தமாக அனுப்புகிறவர்களுக்கு இரண்டும் வேண்டும். இரண்டு நிறுவனங்கள் சட்டம் எழுதும்போது பயம் வரத்தான் செய்கிறது. ஐ.பி.யைப் பார்க்கும் வழக்கமும் முற்றாகப் போய்விடவில்லை. ஆனாலும் கையெழுத்துக்கு ஒரு நியாயம் உண்டு: அது தெருவைப் பார்ப்பதில்லை. யாருடைய வண்டியில் போனாலும் கடிதம் உங்கள் பெயரைச் சுமந்துதான் போகிறது. ஸ்மார்ட்ஹோஸ்டை நாளை மாற்றினாலும் அந்தப் பெயர் சம்பாதித்த நம்பிக்கை உங்களோடு வரும். பக்கத்து வீட்டுக் கணினி செய்த பாவம் அதில் ஏறாது.