அரிப்பைத் தடுக்கும் தாவரச் சாறுகள்

அமிலத்தில் முக்கப்படும் உலோகம் கரையாமலிருக்க, இலை, விதை, பட்டை போன்றவற்றின் சாற்றை அந்த அமிலத்திலேயே சிறிதளவு கலக்கும் முறை. தாம்பரம், குரோம்பேட்டைப் பக்கம் போர் தண்ணீரின் உப்புக்கறையைப் போக்கத் தெருவில் வாங்கும் ‘ஆசிட்’ பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான். கறையைக் கரைத்தபின் அது இரும்புக் குழாயையும் விடாது. எஃகு ஆலைகளிலும் இதே தொல்லை உண்டு. தகட்டின் மேலுள்ள ஆக்சைடுச் செதிலை உரிக்க அமிலத் தொட்டியில் இறக்குவார்கள். செதில் போனதும் அமிலம் எஃகைத் தின்னத் தொடங்கும். அப்போது பிறக்கும் ஹைட்ரஜன் உள்ளே புகுந்து எஃகை நொறுங்கும்படி ஆக்கவும் கூடும்.

இந்த அரிப்பைத் தடுக்கச் சர்க்கரைப்பாகும் தாவர எண்ணெயும் பயன்படும் என்று 1895-இலேயே பிரிட்டனில் பால்ட்வின் என்பவர் காப்புரிமை பெற்றார். 1930-களில் செலண்டைன் செடியின் சாறு கந்தக அமிலத் தொட்டிகளுக்கு வந்தது. பிறகு தயோயூரியா போன்ற செயற்கைச் சேர்மங்கள் இடம்பிடித்தன. அவற்றின் நச்சுத்தன்மையே ஆய்வாளர்களை மறுபடி செடிகொடிகளிடம் அனுப்பியது. 1972-இல் எகிப்திய ஆய்வாளர்கள் சிவப்புப் புளிச்சைச் சாற்றை அலுமினியத்திலும் துத்தநாகத்திலும் சோதித்தனர். 1985-இல் வெளிவந்த சுக்கி, ஓமர் என்ற ஆய்வாளர்களின் கட்டுரையில் பப்பாளி, எருக்கு, வேம்பு என நம் வேலியோரச் செடிகளே வரிசையாக வந்தன.

தமிழ்நாட்டில் காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் அரிப்பியலுக்குத் தாய்வீடு. அதன் சென்னைப் பிரிவு தரமணியில் இருக்கிறது. ஆனால் தாவரச் சாற்றுக்கு முதலில் சொல்லவேண்டிய பெயர் காந்திகிராமப் பல்கலைக்கழகம். அங்கே எம். ஜி. சேதுராமனும் பி. போதி ராஜாவும் 2005-இல் ஊமத்தையையும், 2008-இல் கந்தக அமிலத்தில் மிளகையும் ஆராய்ந்தனர். அதே 2008-இல் அவர்கள் எழுதிய தொகுப்புக் கட்டுரையை உலகெங்கும் இத்துறையினர் மேற்கோள் காட்டுகின்றனர்.

சோதனை எளியது. உப்புத்தாள் தேய்த்து எடைபோட்ட எஃகுத் துண்டை வெறும் அமிலத்தில் விட்டால் குமிழிகள் மொய்க்கும், நீர் மெல்லப் பச்சையோடும். நல்ல சாறு கலந்த குவளையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே குமிழி எழும். ஆல்கலாய்டு, டானின் முதலியவற்றிலுள்ள நைட்ரஜன், ஆக்சிஜன் அணுக்கள் உலோகப் பரப்பில் ஒட்டிக்கொண்டு அமிலத்தை அண்டவிடாமல் மறைக்கின்றன. சில மணி நேரம் கழித்துத் துண்டைக் கழுவி, உலர்த்தி, மீண்டும் எடைபோட்டால் கரைந்தது எவ்வளவு என்று தெரியும்.

கட்டுரைகளில் காணும் தொண்ணூறு சதவீதத் தடுப்புத் திறனை அப்படியே ஆலைக்குக் கொண்டுபோக முடியாது. ஒரே வேம்பின் சாறும் மண்ணுக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறும். எடுத்துவைத்த சாற்றில் பூஞ்சை பூக்கும். கந்தக அமிலத் தொட்டிகளோ சூடாகவே ஓடுகின்றன. சூடு ஏறினால் பல சாறுகள் உலோகத்தைவிட்டுப் பிரிந்துவிடும்.